வன்னிக் குளங்களில் மீனின் மூச்சு: வெப்பமும் ஒட்சிசனும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னியின் வரலாற்றை எழுதியோர் குளத்தைப் பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவே எழுதினர். கட்டின் நீளம், துருசின் தொகை, பாயும் வயலின் பரப்பு என்பனவே அவர்களுக்குக் குளம். காலனித்துவ நிருவாகிக்குக் குளம் வரி தரும் சாதனமாயிருந்தது. சுதந்திரத்துக்குப் பிந்திய குடியேற்றத் திட்டங்களிலும் அந்நோக்குப் பெரிதும் மாறவில்லை. இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் நீருக்குள் வாழும் உயிரும், அவ்வுயிரைப் பிடித்து வாழும் மனிதனும் ஆவணங்களின் ஓரத்திலேயே நிற்கின்றனர். இவ்விடைவெளியை மீனின் சுவாசம் என்னும் ஒரு வினாவின் ஊடாக நோக்குவதே நமது முயற்சி. இலக்கிய மாணவருக்கு இத்துறையில் என்ன வேலை எனக் கேட்கப்படலாம். பொருளுற்பத்தியின் அடித்தளத்தைப் பேசுவோர் இயற்கை விஞ்ஞானத்தின் வாசலில் நின்றுவிட முடியாது என்பதே நமது விடை.

முதலில் அடிப்படை உண்மை. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் குறைகின்றது. 15 பாகை செல்சியசில் ஒரு இலீற்றர் நன்னீர் சுமார் 10 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது சுமார் 7.5 மில்லிகிராமே. மறுபுறம், மீன் தன் உடலின் வெப்பத்தைத் தானே பேணும் விலங்கன்று. நீரின் வெப்பமே அதன் வெப்பம். வெப்பநிலை 10 பாகை உயரும்போது அதன் அனுசேபம் ஏறத்தாழ இருமடங்கோ மும்மடங்கோ ஆகின்றது. அதாவது தேவை பெருகும் அதே வேளையில் வழங்கல் சுருங்குகின்றது. இம்முரண்பாடே நாம் பேசப்போகும் வரலாற்றின் கரு.

இதனை அளந்து காட்டியவர்கள் குளிர்நாட்டு அறிஞர்கள். டென்மார்க்கின் ஓகஸ்ற் குறோ 1914இலேயே தங்கமீனின் ஒட்சிசன் நுகர்வு வெப்பநிலையோடு எவ்வாறு ஏறுகின்றது என்பதை ஆராய்ந்தார். கனடாவின் ரொறன்ரோவில் எஃப். ஈ. ஜே. ஃபிறை 1947இல் ஒரு முக்கியமான எண்ணக்கருவை முன்வைத்தார். அசையாதிருக்கும் மீன் உயிர்தரிப்பதற்கு மட்டும் செலவிடும் ஒட்சிசன் ஒன்று. முழு வலுவுடன் நீந்துகையில் அது எடுக்கக்கூடிய உச்ச ஒட்சிசன் மற்றொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடே மீனின் செயல்வீச்சு. இரை தேடுவதும் வளர்வதும் முட்டையிடுவதும் பகைக்குத் தப்புவதும் இவ்வீச்சுக்குள்ளேயே நிகழவேண்டும். உயிர்தரிப்புக்கு வேண்டிய உழைப்பு, அதற்கு மேற்பட்ட உழைப்பு என்னும் பாகுபாட்டை அறிந்த வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எனினும் ஒப்புமையை இதற்குமேல் இழுப்பது பொருந்தாது. ஜே. ஆர். பிறெற் 1964இல் நீரோட்டக் குழாய்க்குள் சல்மன் மீன்களை நீந்தவிட்டு அளந்தபோது, அவற்றின் செயல்வீச்சு 15 பாகையளவில் உச்சத்தை எட்டி, அதற்கு மேல் சுருங்கக் கண்டார்.

ஆய்வுக்கு ஏன் சல்மன் தெரிவுசெய்யப்பட்டது என்ற வினா இங்கு எழுகின்றது. பசுபிக் கரையோரத்தில் சல்மன் தகரத்திலடைக்கும் பெருந்தொழிலின் மூலப்பொருள். ஆய்வுக்கு நிதியும் நிலையமும் அங்கு இருந்தன. எந்த மீன் அறிவுக்குரிய பொருளாகின்றது என்பதைச் சந்தையும் ஓரளவு நிர்ணயித்தது. இதனால் அவ்வறிவு பொய்யாகிவிடாது. ஆயினும் 15 பாகையில் உச்சம் காணும் உயிரின் இலக்கணத்தை, 30 பாகையைச் சாதாரணமாகக் கடக்கும் குளத்தின் உயிருக்கு அப்படியே பொருத்திவிடல் ஆகாது.

வன்னிக் குளம் வடகீழ்ப் பருவமழையில் நிரம்பி வான் பாய்ந்து, சிறுபோகத்துக்கு நீர் கொடுத்து, ஆவணி புரட்டாதியில் அடித்தளம் தெரிய வற்றும். எஞ்சிய ஆழமற்ற நீர் பகலில் கொதிக்கும். இரவில் பாசியும் அழுகும் சேறும் ஒட்சிசனை உண்ணும். விடியற்கு முன்னரே ஒட்சிசன் மிகத் தாழ்ந்த நிலையை அடைகின்றது. மீன் வாயைத் திறந்தபடி மேலே மிதப்பதும் அப்போதுதான். கரப்பும் அத்தாங்கும் கொண்டு வற்றிய குளத்தில் இறங்கிய மக்கள் இந்நேரக் கணக்கை எந்தக் கருவியுமின்றி அறிந்திருந்தனர்.

இச்சூழலுக்கு விரால் தந்த விடை தனித்தன்மையானது. அதற்குப் பூக்கள் மட்டும் போதா. வளிமண்டலக் காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்பு அதற்குண்டு. மேலே வரவிடாது தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துவிடும். சுங்கானும் பனையேறிக் கெண்டையும் இவ்வாறே காற்றைத் துணைக்கொள்வன. மதுரைப் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் 1970களில் விராலை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து, அது மேற்பரப்புக்கு வந்து மீளும் பயணத்தையும் உணவுப் பயன்பாட்டையும் கணக்கிட்டனர். மூச்சுக்கு ஒரு விலை உண்டு என்பதை இவ்வாய்வு மரபு தெளிவாக்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் நீந்தவேண்டும். நீந்துவதற்கு உண்ட உணவில் ஒரு பங்கு எரியவேண்டும். வளர்ச்சிக்கு மிஞ்சுவது அவ்வளவு குறையும். கனடிய ஆய்வுக்கூடம் எழுப்பாத ஒரு வினா தமிழ்நாட்டில் எழுந்தது என்பதை நாம் போதியளவு பேசவில்லை.

நமது இலக்கிய மரபோ இதில் வியப்பூட்டும் மௌனம் காக்கின்றது. மருதத்தில் வாளையும் வராலும் பிறழ்கின்றன; அவை செழிப்பின் அடையாளங்கள். வற்றிய குளத்தை உறவுக்கு உவமையாக்கிய மூதுரை, பறந்துபோகும் பறவையையும் உடன் வாடும் கொட்டி, ஆம்பல், நெய்தலையும் காண்கின்றது. அக்குளத்தில் பறக்கவும் வேரூன்றவும் முடியாத மீனை அது காணவில்லை.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா இக்கதையை மாற்றிற்று. ஆபிரிக்காவின் வெந்நீருக்குப் பழகிய அம்மீன் 37, 38 பாகை வரை தாங்கவல்லது. ஒட்சிசன் குறைந்தால் மேற்பரப்பின் மெல்லிய நீர்ப்படையிலிருந்து மூச்செடுக்கும். குளங்களிலே தானே பெருகி, உலர்வலயத்தின் உண்ணாட்டு மீன்பிடிக்கு அதுவே முதுகெலும்பாயிற்று. உள்நாட்டு இனங்களுக்கு அது எவ்வளவு ஊறு செய்தது என்பது விவாதத்துக்குரியது. ஏழையின் சட்டிக்கு மலிவான புரதம் வந்தது என்பதில் விவாதமில்லை. 1990இல் பௌத்த சமயக் காரணங்களை முன்னிட்டு அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை விலக்கிக்கொண்டு, 1994இலேயே மீள வழங்கியது. கொழும்பில் எழுந்த அறவுணர்வின் செலவைக் குளக்கரை உழைப்பாளி செலுத்தினான். போரினால் வடக்கின் கடற்றொழிலும் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

இன்றைய வினா வெப்பமடையும் புவி பற்றியது. ஹான்ஸ்-ஓட்டோ போர்ட்னரும் றைனர் குனூஸ்ற்றும் 2007இல் வடகடலோர மீனொன்றை ஆராய்ந்து, வெப்பத்தில் மீன் குன்றுவதற்கு ஒட்சிசன் வழங்கல் பின்தங்குவதே காரணம் என்றனர். எல்லா இனங்களுக்கும் இது பொருந்தாது என்ற மறுப்பும் வலுவாக எழுந்துள்ளது. காற்றையும் சுவாசிக்கும் விராலை எண்ணும்போது அம்மறுப்பு நமக்கு நியாயமாகவே படுகின்றது. ஆனால் 2014இல் ஜோடி றம்மர் குழுவினர் பப்புவா நியூகினியின் பவளப்பாறை மீன்களில் கண்டது கவலைக்குரியது. வெப்பவலய மீன்கள் ஏற்கெனவே தம் உச்ச எல்லையை ஒட்டியே வாழ்கின்றன; சூடு தாங்குவன என்பதால் மேலும் சூட்டுக்கு இடமுண்டு என்பது பொருளன்று. கோடையில் வற்றும் நந்திக்கடலில் உப்பும் சூடும் ஒருங்கே ஏற மீன்கள் செத்தொதுங்குவதை முல்லைத்தீவு மக்கள் அறிவர்.

குளத்தின் அடிநீரை எவ்வளவு விட்டுவைப்பது என்பதை இன்றும் நெல்லின் தேவையே தீர்மானிக்கின்றது. கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கூடும் போகக் கூட்டத்தில் ஆவணி மாதத்து நீர்மட்டம் முடிவாகின்றது. விராலுக்கும் திலாப்பியாவுக்கும் அம்மட்டமே மூச்சின் அளவு. அதே மேசையில் நன்னீர் மீனவர் சங்கங்களின் குரலும் சமமாக ஒலிக்கவேண்டும். ஒரு சாண் நீர் எவருடையது என்பது அங்கேதான் பேசப்படவேண்டும்.