கத்தி தீட்டிய கல்

நாவிதர்தம் அடைப்பத்துள் கத்தியோடு கையளவான கல்லொன்றும் தோல்வாரும் தவறாது இடம்பெற்ற காலம் ஒன்றிருந்தது. கல்லில் நீர் தெளித்து, கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே படியக் கிடத்தி, வாய் முன்செல்லத் தள்ளுவர். முதுகின் பருமனே வாயின் சாய்வை அளந்து தரும். பின்னர்த் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுத்து வாயைச் செம்மை செய்வர்.

எளியதாகத் தோன்றும் இச்செயல் அறுவை மருத்துவத்திற்கும் அடிப்படையாம். சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம், எட்டாம் அத்தியாயத்தில் இதனை விரித்துரைக்கின்றது. கருவிகளைத் தீட்டுதற்கு உழுந்தின் நிறமுடைய வழுவழுப்பான கல். வாயை நிலைநிறுத்துதற்கு இலவம்பலகை. வெட்டுங் கருவியின் வாய்க்கு மயிரிழையிற் பாதியளவு நுண்மை. மயிரை அறுக்கும் கூர்மை எய்திய பின்னரே கருவியைக் கையாளலாம் என்பது அந்நூலின் துணிபு. அந்நூல் பயிலப்பெறும் ஆயுர்வேதக் கல்லூரி இத்திருவனந்தபுரத்தில் 1889-இல் பாடசாலையாகத் தோன்றியது.

மழிக்கும் கத்திக்கும் அறுக்கும் கத்திக்கும் கூர்மை ஒன்றே ஆதலின், இருதொழிலும் ஒருகையில் அமைந்ததில் வியப்பில்லை. இலண்டன் மாநகரில் நாவிதரும் அறுவையாளரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தினராய் விளங்கினர். நம் நாட்டிலோ நாவிதர் கட்டி கீறிப் புண்ணாற்றினர். அவர்தம் மகளிர் பேறு பார்த்தனர். மருத்துவர், மருத்துவச்சி என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. திருவிதாங்கூரில் அவர்க்குப் பிராணோபகாரி, அஃதாவது உயிர்க்கு உதவுவோர், என்றும் பெயருண்டு. தமிழ்நாட்டரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அப்பெயரை இன்றும் காணலாம். உயிர்க்கு உதவுவோர் எனப் பெயரிட்ட சமுதாயமே அவரைத் தீண்டாது ஒதுக்கிற்று என்பது நாம் நாணத்தக்க வரலாறு.

அமெரிக்கரான கிங் ஜில்லெட் 1904-இல் மாற்றத்தக்க மெல்லிய பிளேடுக்குக் காப்புரிமை பெற்றார். குருதிவழிப் பரவும் நோய்களின் அச்சம் பிற்காலத்தே மிகவும், சவரக்கடைகளில் ஒருவர்க்கு ஒரு பிளேடு என்பது முறையாயிற்று. உடல்நலம் கருதின் இம்மாற்றம் நன்றே. ஆயின், தீட்டுதல் ஒழியக் கல்லும் ஒழிந்தது. எக்கல்லைத் தேர்வது, எங்கிருந்து பெறுவது, கூர்மையை எவ்வாறு அறிவது என்னும் அறிவு ஏட்டில் ஏறவில்லை. முதியோர் சிலர்தம் விரல்நுனியிலேயே எஞ்சியுள்ளது.

அன்பர்களே! பழைய அடைப்பம் எவரில்லத்தேனும் இருப்பின், அக்கல்லைப் பேணுக. அதனினும் முற்பட, அதனைக் கையாண்டாரை உடனமர்த்தி, அவர் சொல்வதை எழுதிக்கொள்க. கல் காத்திருக்கும், முதுமை காத்திராது.