விண்வெளி ஆய்வில் மனிதர் – ரோபோ கூட்டுப்பணி

விண்ணுக்கு மனிதரை அனுப்புவதா, ரோபோவை அனுப்புவதா என்ற வாதம் விண்வெளி யுகம் தொடங்கிய நாளிலிருந்தே நடக்கிறது. இரு தரப்பாரும் பெருமையோடு சொல்லும் சாதனைகளைக் கிளறிப் பார்த்தால், பலவற்றில் மற்றத் தரப்பின் உழைப்பும் இருக்கிறது.

நிலவுப் பயணமே முதல் சாட்சி. 1960களின் தொடக்கத்தில் நிலவின் தரை ஒரு கலத்தைத் தாங்குமா என்பதுகூட உறுதியாகத் தெரியாது. ஆழமான தூசுப்படலம் கலத்தை விழுங்கிவிடலாம் என்று வானியலாளர் தாமஸ் கோல்ட் எச்சரித்திருந்தார். 1966இல் சோவியத் ஒன்றியத்தின் லூனா 9, அமெரிக்காவின் சர்வேயர் 1 இரண்டும் மெதுவாகத் தரையிறங்கி அந்த அச்சத்தைத் தணித்தன. 1967 ஏப்ரலில் இறங்கிய சர்வேயர் 3, தன் மண்வாரியால் சிறு பள்ளங்கள் தோண்டி மண்ணின் உறுதியைச் சோதித்தது.

1969 நவம்பர் 19 அன்று அப்பல்லோ 12, அந்தச் சர்வேயரிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் தொலைவில் இறங்கியது. அப்பல்லோ வீரர்கள் பீட் கான்ராடும் ஆலன் பீனும் சர்வேயரிடம் நடந்துபோய், கேமராவையும் மண்வாரியையும் சில குழாய்த் துண்டுகளையும் வெட்டி எடுத்துவந்தார்கள். வெற்றிடத்திலும் கதிர்வீச்சிலும் இரண்டரை ஆண்டு கிடந்த உலோகமும் கண்ணாடியும் என்னவாகும் என்று ஆய்வகத்தில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. வேற்றுலகில் முன்னரே இறங்கியிருந்த இயந்திரத்தை மனிதர் தேடிப்போய்த் தொட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த ஆண்டே சோவியத் ஒன்றியம் லூனகோத் 1 ஊர்தியை நிலவில் இறக்கியது. கிரைமியாவில் அமர்ந்திருந்த ஐவர் குழு, கேமராப் படங்களைப் பார்த்துப் பார்த்து அதைப் பல மாதங்களில் சுமார் 10 கிலோமீட்டர் ஓட்டியது. 1972இல் அப்பல்லோ 17 வீரர்கள் தங்கள் ஊர்தியில் மூன்றே நாளில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சுற்றிவந்தார்கள். வேகம் மனிதருடையது, நீடித்த உழைப்பு இயந்திரத்துடையது.

இந்தக் கூட்டணியின் உச்சம் ஹபிள் தொலைநோக்கி. 1990இல் ஏவப்பட்ட அதன் முதன்மைக் கண்ணாடி, விளிம்பில் தலைமயிரின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குப் பிசகியிருந்ததால் படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்துக்குள் இருந்தபடி கிளோட் நிக்கோலியே, 15 மீட்டர் நீளமுள்ள கனடாவின் இயந்திரக் கையால் ஹபிளைப் பிடித்தார். அந்தக் கையின் நுனியில் கால்களைப் பிணைத்து நின்றே வீரர்கள் கருவிகளை மாற்றினார்கள். ஐந்து விண்நடைகளில் பார்வை தெளிந்தது.

கொலம்பியா விண்ணோட விபத்துக்குப் பின், 2004இல், ஹபிளுக்கு இனி ஆள் அனுப்புவதில்லை என்று நாசா முடிவெடுத்தது. ரோபோவால் பழுதுபார்க்கலாமா என்று ஆராய்ந்த வல்லுநர் குழு, உரிய காலத்துக்குள் அது நடக்காது என்றது. முடிவு மாற்றப்பட்டு, 2009இல் வீரர்கள் மீண்டும் போனார்கள். அங்கே, பழுதான கருவியை எட்டவிடாமல் மறித்த ஒரு கைப்பிடியின் திருகாணித் தலை தேய்ந்து சுழலவே மறுத்தது. மைக் மாசிமினோ கைப்பிடியை இழுத்தே பிய்த்தெடுத்தார். பிறகு, கழலும் திருகாணிகள் மிதந்துபோகாதபடி பிடித்துக்கொள்ளும் தகடு ஒன்றைப் பொருத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட சின்னத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பழுதாகிக் கிடந்த நிறமாலைக் கருவி உயிர்பெற்றது. எந்த நிரலிலும் எழுதிவைக்க முடியாத துணிவு அது.

செவ்வாயில் அப்படி ஒரு மனிதக் கை இல்லாத குறை 2019இல் தெரிந்தது. இன்சைட் கலத்தின் வெப்பமானி ஐந்து மீட்டர் ஆழம் போக வேண்டியது; மண் பிடிமானம் தராததால் அதன் மேல்முனை தரைமட்டத்திலிருந்து சில சென்டிமீட்டர் கீழே போனதோடு நின்றுவிட்டது. பூமியிலிருந்து சமிக்ஞை போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும் என்பதால், ஒவ்வொரு முயற்சிக்கும் நீண்ட காத்திருப்பு. சுற்றுப்பாதையில் மனிதர் இருந்தபடி கீழே உள்ள ரோபோவை இயக்குவது இதற்கொரு வழி. 2019 நவம்பரில் விண்வெளி வீரர் லூகா பார்மிட்டானோ, பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து நெதர்லாந்தில் ஒரு ஊர்தியை இயக்கி, அதன் கை கல்லைத் தொடும்போது எழும் விசையைத் தன் கைப்பிடியில் உணர்ந்தார்.

நிலவுப் பயணத்தில் கண்டதுபோல் ரோபோ முன்னே, மனிதர் பின்னே என்ற வரிசையில்தான் இந்தியாவும் நடக்கிறது. இஸ்ரோ 2020 ஜனவரியில் பெங்களூரில் அறிமுகப்படுத்திய வியோமித்ரா என்ற பெண் உருவ ரோபோ, ககன்யான் விண்கலத்தில் மனிதர் ஏறுவதற்கு முன் ஆளில்லாப் பயணத்தில் செல்ல உருவாக்கப்பட்டது.