சுயாதீன இசை நிகழ்வுகள்: மேடை, வாசல், சட்டம்

தமிழில் 'சுயாதீன இசை' என்ற சொல் முதலில் ஒரு விலகலையே குறிக்கிறது. மேலை நாடுகளில் பெரும் ஒலிப்பதிவு நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் இசைக்கு அப்பெயர் வந்தது. இங்கே பெரும் நிறுவனத்தின் இடத்தில் திரைப்படம் அமர்ந்திருக்கிறது. ஆகவே திரைக்காக ஆக்கப்படாத, சபாக்களின் கச்சேரி முறைக்கும் உட்படாத இசையை நாம் சுயாதீன இசை என்கிறோம். இந்த வரையறையை அப்படியே ஏற்றுக்கொண்டால் வடசென்னையின் கானாவைவிடப் பழைய சுயாதீன இசை இந்நகரில் அரிது. சாவு வீட்டில் இரவு முழுதும் பாடப்பட்ட கானா எந்த நிறுவனத்தின் தயவிலும் வாழவில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் பாடிய கல்லூரி ராக் குழுக்களுக்கு எளிதாகக் கிடைத்த 'இண்டி' என்ற அடைமொழி கானாக் கலைஞர்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. சொல்லுக்கும் வாசல் உண்டு போலும்.

அந்த வாசல் பெரிதாகத் திறந்த நாளைத் தேதியுடன் சொல்ல முடியும். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் பிறந்தது. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும், பறை, சட்டி, கட்டமோளம் வாசிப்போரும், மின்கிட்டாரும் டிரம்ஸும் இசைப்போரும் ஒரே மேடையில் நின்றனர். சோதனை இசை என்று நம்மிடையே பேசப்படுவது பெரும்பாலும் கருவியின் ஓசையைச் சிதைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. இங்கே சோதனைக்கு உள்ளானது ஓசை மட்டுமன்று. ஒலிபெருக்கியின் முன் எந்தக் கருவி நிற்கலாம், யார் அதை வாசிக்கலாம் என்ற ஏற்பாடும் அங்கே சோதிக்கப்பட்டது. ஜனவரி 6 மார்கழி மாதத்தில் அடங்கும். அதே மாதத்தில்தான் நகரின் மறுபுறம் சபாக்கள் தம் பருவத்தை நடத்துகின்றன.

அக்குழு வெற்றிடத்திலிருந்து தோன்றிவிடவில்லை. கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை கே.ஏ. குணசேகரன் மேடைதோறும் கொண்டு சென்றார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையைக் கொண்டே வழிபாட்டையும் விடுதலையையும் பாடினார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையிலெடுத்தனர். இவை யாவும் பொதுக்கூட்ட மேடைகளிலும் கலைவிழாக்களிலும் ஒலித்தன. நுழைவுச் சீட்டுள்ள இசை அரங்குகள் இவர்களை அழைக்கவில்லை. 2015இல் பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் முன்னின்று நடத்திய விழா, கச்சேரியை மீனவர் குடியிருப்புக்குக் கொண்டு வந்தது. அதை நாம் மதிக்கிறோம். எனினும் சபாவிலிருந்து குப்பத்துக்கு இசை வருவதும், குப்பத்தின் இசை தன் பெயரில் தன் மேடையை எழுப்புவதும் ஒன்றல்ல. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மறு ஆண்டே அது மதுரைக்கும் கோவைக்கும் சென்றது.

இனி, இத்தகைய நிகழ்வுகளுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை. முதலில் இடம். தனியார் உணவகங்களும் மது அருந்தகங்களும் ஒரு வகை. கல்லூரி அரங்குகளும் அயல்நாட்டுப் பண்பாட்டு மையங்களும் மற்றொரு வகை. மைதானம், கடற்கரை, தெரு ஆகியன மூன்றாவது. எந்த இடத்தில் நடக்கிறது என்பதே பெரும்பாலும் யார் கேட்பார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது வழங்கலாகாது. இதைக் காரணம் காட்டி மது அருந்தகங்கள் இளநிலை மாணவர்களை வாசலிலேயே நிறுத்துவதுண்டு. ஆகவே சீட்டு வாங்குமுன் வயது வரம்பைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்களிடம் வரும் புகார்களில் 'உன் சாதி என்ன' என்று வாசலில் கேட்டதாக எதுவும் இல்லை. 'இன்று இடம் நிறைந்துவிட்டது', 'இந்த உடையில் அனுமதியில்லை', 'உங்களுக்கு ஏற்ற இடம் இதுவன்று' என்பவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. அடுத்து வந்தவர் உள்ளே செல்வதை நிறுத்தப்பட்டவர் நின்று பார்க்கிறார். 'அனுமதிக்கும் உரிமை நிர்வாகத்துக்கே' என்ற பலகை சுவரில் தொங்குகிறது.

அப்பலகைக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. அடிப்படை உரிமைகளில் பல அரசை நோக்கியே பேசுகின்றன. இது தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தன் 4ஆம் பிரிவில், தீண்டாமையின் அடிப்படையில் பொதுக் கேளிக்கை இடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. பொதுமக்கள் அனுமதிக்கப்படுகிற, நிகழ்ச்சி நடக்கிற எந்த இடமும் அச்சட்டத்தின் பொருளில் பொதுக் கேளிக்கை இடமே. அதற்கான தண்டனை ஒன்று முதல் ஆறு மாதச் சிறையும் 100 முதல் 500 ரூபாய் வரையிலான அபராதமும். இன்று ஓர் இசை நிகழ்வின் நுழைவுச் சீட்டே அந்த அபராதத்தைத் தாண்டிவிடுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 3(1)(இசட்-ஏ) பிரிவு இதைவிட வலுவானது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுக் கேளிக்கை இடத்தில் நுழைய விடாமல் தடுப்பதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. 2016 ஜனவரி 26 முதல் இது நடைமுறையில் உள்ளது.

ஆயினும் மாணவர்களுக்கு நம்பிக்கையை மட்டும் தந்துவிட்டு நழுவ நாங்கள் விரும்பவில்லை. இவ்வழக்குகளில் கடினமான பகுதி மெய்ப்பித்தல். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்பே அறிந்திருந்தால், சாதியையும் அறிந்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. ஊரில் இது பெரிதும் பயன்படும். நகரத்து அரங்கின் வாசற்காவலரோ நம்மை அறியாதவர். அவர் நிறத்தையும் உடையையும் பேச்சையும் கண்டு முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்குள் சாதி இருப்பது நமக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குக் காட்டுவதே சிக்கல். குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இங்கே கைகொடுக்கக்கூடும். பட்டியல் சாதியினர் ஒருவர் தொடர்பாகச் செயல் நிகழ்ந்திருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அது தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்ததாகவே கொள்ளப்படும். பழைய சட்டம் என்று வழக்கறிஞர்கள் பலர் இதைத் தொடுவதில்லை. நாங்கள் இரண்டு சட்டங்களின் பிரிவுகளையும் புகாரில் சேர்த்தே எழுதுகிறோம்.

ஆகவே வாசலில் நிறுத்தப்பட்டால், சொல்லப்பட்ட சொற்களைச் சொன்னபடியே, நேரத்துடன் உடனே எழுதி வைக்க வேண்டும். சீட்டையோ பணம் செலுத்திய குறுஞ்செய்தியையோ அழிக்கலாகாது. அதே நேரத்தில் உள்ளே அனுப்பப்பட்டவர்கள் நண்பர்களாயின் அவர்களே முதன்மைச் சாட்சிகள். வாசலில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்று பார்த்து, பதிவை அழிக்காமல் காக்கும்படி புகாரிலேயே கோர வேண்டும். 2018இல் சேர்க்கப்பட்ட 18-ஏ பிரிவின்படி வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. 'விசாரித்துவிட்டுப் பதிகிறோம்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

அடுத்து ஒலி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் அளவுகோல். பொது இடத்தின் எல்லையில் அந்த அளவுக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டலாகாது. விதியில் குற்றமில்லை. நோயாளியின் உறக்கமும் உரிமையே. ஆனால் மூடிய அரங்குகளுக்கு, ஒலி உள்ளேயே பயன்படும் வரை, இரவுத் தடையிலிருந்து விலக்கு உண்டு. விளைவு என்ன? குளிரூட்டப்பட்ட அரங்கை வாடகைக்கு எடுக்கக்கூடியவர் 10 மணிக்கு மேலும் வாசிக்கலாம். மைதானத்தில் நிற்கும் பறை 10 மணிக்கு நின்றாக வேண்டும். நடைமுறையில் சில மைதானங்களில் ஒன்பதரைக்கே காவல்துறை வந்து நிற்பதையும், வேறு சில விழாக்களில் நள்ளிரவு கடந்தும் வராததையும் கண்டிருக்கிறோம்.

அனுமதியைப் பொறுத்தவரை, சென்னையில் 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவும், பிற இடங்களில் 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவும் பேசப்படும். விண்ணப்பத்தை நேரில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கோர வேண்டும். 'சட்டம் ஒழுங்கு கெடும்' என்பதே வழக்கமான காரணம். இதற்கு எதிராக நாங்கள் முதலில் எடுத்து வைப்பது 1989ஆம் ஆண்டின் எஸ். ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு. அதன் பின்னணி சுவையானது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைச் சாடியது. அதன் தணிக்கைச் சான்றை உயர் நீதிமன்றம் நீக்கியது. உச்ச நீதிமன்றமோ, போராட்ட அச்சுறுத்தலையும் வன்முறை அச்சுறுத்தலையும் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது, அச்சுறுத்துவோரைக் கட்டுப்படுத்துவதே அரசின் கடமை என்று கூறிச் சான்றை மீட்டது. நமக்கு உவப்பில்லாத படத்தைக் காத்த அதே தீர்ப்பு, இட ஒதுக்கீட்டின் நியாயத்தை மேடையில் பாடும் குழுவையும் காக்கிறது. நாடகமாக நடிக்கப்படும் பகுதிகள் இருந்தால், தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்ததையும் சுட்டலாம்.

பெண்கள் தனித்தோ தோழியருடனோ திறந்தவெளி நிகழ்வுகளுக்கு வருவது கூடியிருக்கிறது. ஆண்களே நிறைந்திருந்த கானாவில் இசைவாணி பாடி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். மேடை மாறிய வேகத்தில் மைதானம் மாறவில்லை. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் இடத்தின் பொறுப்பாளருக்கும் கடமை விதிக்கிறது. யாரிடம் முறையிடுவது என்பதை ஒலிபெருக்கியில் அறிவிக்கும்படி அமைப்பாளரைக் கேட்கலாம்.

கைபேசியில் பதிவு செய்யலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின்படி நிகழ்ச்சியைப் பதியும் உரிமை நிகழ்த்துநருக்கே உரியது. தனிப் பயன்பாட்டுக்கும் நேர்மையான ஆய்வுக்கும் 39ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அதை இணையத்தில் ஏற்றுவது வேறு செயல், அதற்கு இசைவு வேண்டும். ஏற்றும்போது பெயர்களைக் குறிப்பிடுவது மரியாதை மட்டுமன்று. தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கலைஞருக்குத் தந்திருக்கிறது. பாடகரின் பெயரைப் போட்டுவிட்டு, பறை வாசித்தவரை 'மற்றும் குழுவினர்' என்று முடிப்பது நம் பழக்கம்.

பெயர் மறைவது எவ்வளவு பெரிய இடத்திலும் நிகழும். 2021இல் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய பாடல்களை முன்னிட்டு தீ, ஷான் வின்சென்ட் டி பால் ஆகியோரின் படங்களை அட்டையில் வெளியிட்டது. இரு பாடல்களின் வரிகளிலும் பங்குள்ள அறிவு அங்கே இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார், பலரும் சேர்ந்துகொண்டனர். பின்னர் அறிவின் படத்துடன் தனி அட்டை ஒன்று வந்தது. இதழின் அட்டைக்கு நிகழ்த்துநர் உரிமை நீளாது என்பதால் வழக்குத் தொடுக்க அங்கே வழியில்லை. கண்டனமே வேலை செய்தது.

கட்டண நிகழ்வுகளில் தலைக்கு 500 ரூபாய்க்கு மிகாத நுழைவுக் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு 2018இல் வந்தது. நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் பெறும் 'நாட்டுப்புற அல்லது செவ்வியல்' கலைஞருக்கும் விலக்கு உண்டு. கானாவும் ராப்பும் மின்கிட்டாரும் கலந்த குழு இவ்விரண்டில் எதைச் சேரும் என்று வரி அலுவலர் கேட்டால் விடை எளிதன்று. ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட கலைஞர் பெரும்பாலும் இச்சிக்கலுக்குள் வரமாட்டார்.

கல்லூரிக் கலைவிழாவுக்கு இத்தகைய குழுவை அழைக்கும் மாணவர் பேரவைகள் ஒரு பக்கக் கடிதமாவது எழுத வேண்டும். வாசிப்போர் அனைவரின் பெயர், ஒவ்வொருவருக்குமான தொகை, அது தரப்படும் நாள், பதிவு செய்யவும் வெளியிடவும் இசைவு உண்டா என்பது ஆகியவை அதில் இருக்கட்டும். நிகழ்வு 10 மணிக்கு முடிந்தபின் வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் கருவிகளுடன் திரும்ப வண்டியை ஏற்பாடு செய்பவர் யார் என்பதும் அதே கடிதத்தில் இடம்பெற வேண்டும்.