தாத்தா பிறந்த ஊர் இன்று எந்த நாட்டில்?

அமெரிக்காவில் தம்மை ஹங்கேரிய வம்சாவளியினர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் பல, வேரைத் தேடப் புறப்பட்டதும் புடாபெஸ்ட்டை நோக்கித் திரும்புகின்றன. பெரும்பாலும் அது தவறான திசை. அந்தத் தாத்தா பாட்டிகளில் மிகப் பலர் 1880-க்கும் 1914-க்கும் இடையில் கப்பலேறியவர்கள். அவர்கள் விட்டுவந்த ஹங்கேரி, கார்பாத்திய மலைகள் முதல் ஏட்ரியாட்டிக் கடல் வரை பரந்திருந்த அரசு. 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான டிரியானோன் உடன்படிக்கை அதன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அண்டை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. எல்லைக்குள் வாழ்ந்தவர்களும் ஒரே மக்கள் அல்லர். குரோஷியாவை நீக்கிப் பார்த்தாலும், 1910 கணக்கெடுப்பில் மாகியர் (ஹங்கேரிய) மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் பாதியைச் சற்றே தாண்டினார்கள். மற்றவர்கள் ருமேனியர், ஸ்லோவாக்கியர், ஜெர்மானியர், செர்பியர், ருசின்கள். கப்பலேறியவர்களிலோ மாகியர்கள் பாதிகூட இல்லை. ஆகவே, 'ஹங்கேரியிலிருந்து வந்தோம்' என்ற வீட்டு வழக்கு அன்றைய அரசைத்தான் காட்டுகிறது. தேடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டியது ஊரையும், அந்த ஊரில் குடும்பம் எந்த மதச் சபையைச் சேர்ந்திருந்தது என்பதையும். இந்த இரண்டும் கையில் வராமல் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களுக்குக் கடிதம் எழுதுவது வீண் என்பது என் துணிபு.

ஊர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓவியர் ஆண்டி வார்ஹாலின் பெற்றோரே சான்று. இருவரும் மிகோவா என்ற ஒரே மலைக் கிராமத்து ருசின்கள். தந்தை முதல் உலகப் போரை ஒட்டி அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது அது ஹங்கேரி. தாய் 1921-இல் கணவரைத் தேடிப் புறப்பட்டபோது அதே கிராமம் செக்கோஸ்லோவாக்கியா. இன்று ஸ்லோவாக்கியா. கணவன் ஒரு நாட்டுக்காரர், மனைவி வேறு நாட்டுக்காரர் என்று பேரப்பிள்ளைகள் எழுதிவைத்தால் அரசாங்கக் கணக்குப்படி தவறில்லை. ஆனால் குடும்ப வரலாறாக அது முழுப் பிழை.

சபையும் ஊரும் சேர்ந்தே தேவைப்படுவதற்குக் காரணம், பதிவேடுகள் வைக்கப்பட்ட முறை. 1895 அக்டோபர் 1-க்கு முன் ஹங்கேரியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிந்தவை மத நிறுவனங்கள்தான். கத்தோலிக்கர், கிரேக்கக் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர், லூத்தரன்கள், யூதர்கள் என ஒவ்வொருவருக்கும் தனி ஏடு. ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழ்ந்த இரண்டு குடும்பங்களின் பதிவுகள் வெவ்வேறு ஊர்க் கோயில்களில் கிடக்கக்கூடும். 1828 முதல் ஏடுகளின் நகல் மாவட்டக் காப்பகத்துக்கும் அனுப்பப்பட்டதால், மூல ஏடு எரிந்துபோன இடங்களிலும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. 1895-க்குப் பின் அரசே பதிவை ஏற்றது. அந்தப் பதிவுகளில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். கோவாச், நாஜ் போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் மலிந்த நாட்டில், ஆளை அடையாளம் காட்டுவது பல நேரம் தாயின் பெயர்தான். ஊர்ப்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஒரே அதிகாரபூர்வப் பெயர் வேண்டும் என்று 1898-இல் சட்டம் வந்தது; பல கிராமங்களின் பெயர் மாறியது. டிரியானோனுக்குப் பிறகு மறுபடியும் மாறியது. பாட்டி சொன்ன ஊர்ப்பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லை என்பதால் அவர் தவறாகச் சொன்னார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஊர்ப்பெயர் முதலில் கிடைக்கக்கூடிய இடம் அமெரிக்கக் காகிதங்களே. கப்பல் பயணிகள் பட்டியலில் 1899 முதல் 'இனம்' என்று ஒரு பத்தி சேர்க்கப்பட்டது. மாகியர், ஸ்லோவாக், எபிரேயர் என்று அங்கே குறித்திருப்பார்கள். 1907 முதல் பிறந்த ஊரும், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் கேட்கப்பட்டன. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற அதிகாரிகள் எங்கள் பெயரையே மாற்றிவிட்டார்கள், அந்தப் பட்டியலை எப்படி நம்புவது என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை. பட்டியலை எழுதியவர்கள் பயணிகள் புறப்பட்ட துறைமுகத்திலிருந்த கப்பல் நிறுவனத்தார். தீவிலிருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பெயரை மாற்றியது பெரும்பாலும் குடியேறியவர்களேதான், வேலையிலும் குடியுரிமை மனுவிலும். சிலருக்குக் கடல் கடக்கும் முன்பே மாறியிருந்தது. பெயரை மாகியராக்கிக்கொள்வதற்கான கட்டணத்தை ஹங்கேரி அரசு 1881-இல் ஐந்து ஃபோரின்டிலிருந்து 50 கிராய்ட்சாராக, அதாவது அரை ஃபோரின்டாக, குறைத்தது. அது வரி வசூலுக்காகச் செய்த காரியம் அல்ல. யூதர்களையும் ஜெர்மானியர்களையும் மாகியர்களாக்கும் கொள்கையின் ஒரு பகுதி.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாத்தாவே தன்னை ஹங்கேரியர் என்று சொல்லியிருக்க, ஒரு குமாஸ்தாவின் பேனா அதை மறுக்கலாமா? மறுக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். மாகியர் மொழியே பேசி, தன்னை மாகியராகவே எண்ணி வாழ்ந்த யூதரை அமெரிக்கப் பட்டியல் எபிரேயர் என்று எழுதியது. அங்கே பட்டியலைவிட அவர் வாக்குக்கே மதிப்பு அதிகம். ஆனால் தான் யார் என்று ஒருவர் சொல்வது வேறு, எங்கே எப்போது பிறந்தார் என்பது வேறு. மாயவித்தைக்காரர் ஹூடினி தான் விஸ்கான்சினில் பிறந்ததாகச் சொல்லிவந்தார். அவர் பிறந்தது 1874-இல் புடாபெஸ்ட்டில். நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லர் 1904-இல், இன்று ருமேனியாவின் திமிஷ்வாராவில் அடங்கிய சபட்ஃபால்வாவில் ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் 1924 ஒலிம்பிக்கில் அமெரிக்கா சார்பில் நீந்தும்போது பென்சில்வேனியாவில் பிறந்தவர் என்றே அறியப்பட்டார். இருவருக்கும் அப்படிச் சொல்ல வலுவான காரணங்கள் இருந்தன. அவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளுவது நியாயமில்லை. புதிய நாட்டில் எப்படி அறியப்பட விரும்பினார்கள் என்பதற்கு அந்தக் கதைகளே சாட்சி. பிறந்த இடத்துக்குச் சாட்சி பதிவேடு. மரபணுச் சோதனை இரண்டையும் ஈடுகட்டாது. நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்த மக்களிடையே அது வட்டாரத்தைச் சுட்டலாம், கிராமத்தைச் சொல்லாது.

பட்டியலிலும் ஊர் தெளிவாக இல்லை என்றால் இன்னொரு பட்டியலைத் தேட வேண்டும். பிரேமன் துறைமுகத்தின் புறப்பாட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஹாம்பர்க்கின் பட்டியல்கள் பிழைத்திருக்கின்றன. 1904 முதல் ஹங்கேரியின் ஏட்ரியாட்டிக் துறைமுகமான ஃபியூமேயிலிருந்து குனார்ட் நிறுவனத்தின் கப்பல்கள் நேரே நியூயார்க் போயின. டைட்டானிக்கில் தப்பியவர்களை மீட்ட கார்பாத்தியா அந்தத் தடத்தில் ஓடிய கப்பல்தான். மேலும், அந்தக் காலத்துத் தொழிலாளிகள் பலர் சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் உழைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி, நிலம் வாங்கி, மறுபடியும் கப்பலேறினார்கள். முதல் பயணத்தில் மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிட்டவர், இரண்டாம் பயணத்தில் கிராமத்தையும் அங்கே விட்டுவந்த மனைவியின் பெயரையும் சொல்லியிருக்கக்கூடும்.