வரிசையில் நிற்காதவர்கள்

சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' 1899இல் அச்சானது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய அங்கத நூல். பசி தாங்காத ஜனங்கள் மதுரைக்குப் போய்ச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். அவர் கையை விரித்துவிடுகிறார். சிவகங்கை ஜமீன்தாரைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறார். கடவுளே மனுவை அடுத்த ஆபீசுக்குத் தள்ளிவிடுகிற இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் கூச்சமும் வரும். ஏனென்றால் என் பிழைப்பே அப்படிப்பட்ட கடிதங்களை எழுதப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான்.

வெள்ளம், புயல், வறட்சி என்று ஏதாவது வந்தால் முதல் இரண்டு மூன்று நாளைக்குள் ஊருக்குள் போய், யாருக்கு என்ன வேணும், எவ்வளவு வேணும், எது முதலில் வேணும் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். 'உடனடித் தேவை மதிப்பீடு' என்பார்கள். இதற்குக் களப்பணியாளர்களைத் தயார் செய்கிற பயிற்சிகளை மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கமும் நடத்திவருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். "இதெல்லாம் ஐ.நா. சபை கண்டுபிடிச்சதுதானே சார்?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். அதற்கு நான் சொல்லும் பதில்தான் இந்தக் கட்டுரை. வகுப்பில் நேரம் பத்தாது.

1876இல் பருவமழை பொய்த்தது. தமிழ்க் கணக்கில் அது தாது வருஷம். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பு. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சென்னை மாகாணத்தில் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து 1881இல் எண்ணியபோது அந்த எண் வளரவே இல்லை. பத்து வருஷத்தில் பிறந்த அத்தனை பேரையும் அந்த இரண்டு வருஷம் விழுங்கியிருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். அடுத்த வருஷமே தூத்துக்குடி வரை பாதை நீண்டது. அதாவது பஞ்சமும் ரயிலும் ஏறக்குறைய கைகோத்து வந்தன. துறைமுகத்தில் தானியம் இறங்கியது, ரயிலில் ஏறியது, மண்டிகளுக்குப் போனது. ஆனால் கூலி கிடைக்காதவனிடம் அதை வாங்கக் காசு இல்லை. ஊரில் தானியம் இருப்பது வேறு, அதை வாங்கித் தின்ன ஒருத்தனிடம் வழி இருப்பது வேறு என்று அமர்த்திய சென் நூறு வருஷம் கழித்து எழுதியதை மதுரை நெசவாளி அப்போதே அனுபவித்துவிட்டான். அவன் நிலமும் காயவில்லை, தறியும் உடையவில்லை. சேலை வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். வயலை மட்டும் பார்த்துப் பஞ்சத்தை அளக்கிறவன் கண்ணுக்கு அந்தத் தெருவே தெரியாது.

அந்தச் சமயத்தில் அரசாங்கம் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. பெயர் ரிச்சர்ட் டெம்பிள். 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, சாவு அதிகமில்லாமல் காப்பாற்றியவர் இவர்தான். அதற்காக லண்டனில் அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, காசைக் கரியாக்கிவிட்டார் என்ற திட்டு. அந்தச் சூட்டோடு 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அதே மாதம் முதல் தேதிதான் டெல்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்த தர்பார் நடந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு அவருக்கு என்ன சொல்லி அனுப்பியிருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. செலவைக் குறை.

டெம்பிள் வேகமானவர். மாவட்டம் மாவட்டமாக விரைந்து சுற்றினார். நிவாரண வேலை நடக்கும் இடங்களில் ஆட்களைப் பார்த்தார். திடமாகத்தான் இருக்கிறார்கள், இவ்வளவு பேருக்கு நிவாரணம் தேவையில்லை என்று முடிவு செய்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். 'டெம்பிள் கூலி' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அரிசியாக இருந்தால் 1,600 கலோரி கிடைக்கும். சும்மா முகாமில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கே சராசரியாக 2,100 கலோரி வேண்டும் என்பதுதான் இன்று உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் கணக்கு.

அவரை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். டபிள்யூ. ஆர். கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இங்கே நடத்தியவரும் அவரே. எண்களோடு பழகிய ஆள். கூலி வரிசையில் நிற்கிறவனைப் பார்த்து இவன் திடமாக இருக்கிறான் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை என்பது அவர் வாதம். திடமில்லாதவன் அந்த வரிசைக்கு வந்தே இருக்க மாட்டான். அவனைத் தேட வேண்டுமானால் முகாமின் சாவுக் கணக்கைப் பார், வயிற்றுப்போக்கைப் பார். கடின வேலை செய்கிறவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். இருவரும் அரசாங்கக் கடிதங்களில் மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். சில மாதம் கழித்துக் கூலியை உயர்த்தத்தான் செய்தார்கள். அதற்குள் செத்தவர்கள் செத்துப்போயிருந்தார்கள்.

எனக்கு இந்தச் சண்டை, கெட்டவனுக்கும் நல்லவனுக்கும் நடந்த சண்டையாகத் தெரியவில்லை. பீகாரில் காப்பாற்றிய அதே மனுஷன்தான் இங்கே கூலியைக் குறைத்தார். விடை என்ன வரவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால், எவ்வளவு கெட்டிக்காரனும் அந்த விடையைத்தான் கொண்டுவருவான். பயிற்சியில் நான் ரொம்ப நேரம் செலவழிப்பது இந்த இடத்தில்தான். பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்புவதை அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். "ஆபீஸ்ல ஐந்நூறு கிட்டுன்னு முடிவு பண்ணிட்டாங்க சார், நாங்க ஐந்நூறு குடும்பம்னு எழுதிட்டோம்" என்று ஒரு பையன் வெகுளியாகச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது டெம்பிளின் கதைதான்.

மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்றொரு பெண்ணின் கதையும் சொல்வார்கள். அவள் ஒரு தாசி. தாது வருஷத்தில் நகைநட்டு, வீடுவாசல் எல்லாவற்றையும் விற்று, கடைசிவரை கஞ்சி ஊற்றினாள் என்று கதை. அவள் எந்த மதிப்பீடும் செய்யவில்லை. அடுப்பை மூட்டினாள், வந்தவர்களுக்கு ஊற்றினாள். மக்கள் யாரை நினைவில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். டெம்பிள் பெயர் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் வாசல்வரை நடந்துவர முடியாதவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தொழில் புத்தி.

பஞ்சம் முடிந்ததும் வழக்கம்போல ஒரு கமிஷன் போட்டார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880இல் அறிக்கை கொடுத்தது. அதை வைத்து 1883இல் மாதிரிப் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. மாகாணங்கள் தங்கள் தங்கள் தொகுப்பை அதை ஒட்டி எழுதிக்கொண்டன. என் துறையின் முதல் கையேடு எது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

அதில் எனக்குப் பிடித்த பகுதி, பஞ்சம் வருவதற்கு முன் தெரியும் அறிகுறிகள். தானிய விலை ஏறுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வட்டிக்குக் கொடுப்பவன் திடீரென்று கடன் தர மறுக்கிறானா? வாசலில் பிச்சை போடுவது குறைகிறதா? சின்னத் திருட்டுகள் கூடுகின்றனவா? ஜனங்கள் காரணமில்லாமல் ஊர் ஊராக அலைகிறார்களா? ஆட்டு மந்தைகள் வழக்கமில்லாத திசையில் மேய்ச்சல் தேடிப் போகின்றனவா? கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது அசந்துபோனேன். ராமநாதபுரத்திலிருந்து மதுரைப் பக்கம் கிடை போட வரும் கீதாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர்கள் எந்த மாதம் எந்த ஊர்த் தரிசில் இருப்பார்கள் என்பது ஏறக்குறைய நிச்சயம். அந்த வழி மாறினால் எங்கேயோ புல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்குச் செயற்கைக்கோள் படம் வைத்துச் சொல்வதை அன்றைக்கு ஆட்டை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு சோதனை வேலை. குறைந்த கூலிக்குக் கடுமையான வேலை ஒன்றைத் திறந்துவை. கூட்டம் வந்தால் பஞ்சம் நிஜம், வராவிட்டால் இல்லை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி. கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் கார்னிஷ் எழுப்பிய கேள்வியை இதுவும் தாண்டவில்லை. கைக்குழந்தைக்காரி, கிழவர், தறியைத் தவிர வேறெதுவும் தொட்டறியாத கை, வெளியே வந்து மண் சுமப்பதைவிடப் பட்டினி மேல் என்று கதவைச் சாத்திக்கொண்ட வீடு, இவர்களெல்லாம் அந்தத் தெர்மாமீட்டரில் ஏற மாட்டார்கள். தொகுப்பை எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் ஊர் ஊராகப் போய் உழைக்க முடியாதவர்களின் பட்டியல் எடுக்க வட்ட அதிகாரிகளை வைத்தார்கள், நெசவாளிக்கு அவன் தொழிலிலேயே வேலை கொடுக்கவும் வழி சொன்னார்கள்.

இத்தனையும் கடைசியில் யார் தலையில் விழுந்தது? கிராமக் கர்ணத்தின் தலையில். மழை எவ்வளவு, விளைச்சல் எத்தனை அணா, ஊரை விட்டு யார் போனார்கள் என்று அவர் எழுதியது தாசில்தாருக்குப் போய், கலெக்டருக்குப் போய், அங்கிருந்து மேலே போனது. கர்ணம் பரம்பரைப் பதவி. பெரும்பாலும் நிலமுள்ள மேல்சாதி வீடு. சேரிக்குள் அவர் கால் வைக்க மாட்டார். அங்கே அடுப்பு எரிகிறதா என்பதைத் தலையாரி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அந்தப் பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அதன் பிறகு வந்தவர்தான் இன்றைய கிராம நிர்வாக அலுவலர். வெள்ளச் சேதக் கணக்கில் இன்றும் முதல் கையெழுத்து அவருடையது.

விதித்தொகுப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வங்காளம் சாட்சி. 1943இல் அங்கே தொகுப்பு இருந்தது, அறிகுறிகள் அத்தனையும் தெரிந்தன. ஆனால் மாகாண அரசு கடைசிவரை பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. முப்பது லட்சம் பேர்வரை செத்தார்கள்.

1883 தொகுப்புக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1983இல், ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு புத்தகம் போட்டார். எழுபதுகளில் நம் வடாற்காட்டில் ஆய்வு செய்தவர். நகரத்திலிருந்து ஜீப்பில் வரும் ஆய்வாளர் எதையெல்லாம் பார்க்காமல் திரும்புகிறார் என்று அதில் எழுதினார். தார்ச்சாலை ஓரத்து வீடுகளை மட்டும் பார்ப்பார். மழைக்காலத்தில் வர மாட்டார். ஆண்களிடம் பேசுவார், பெண்கள் பின்னால் நிற்பார்கள். நோயாளி வீட்டுக்குள் படுத்திருப்பார், செத்தவர் பேச மாட்டார். எங்கள் பயிற்சியில் ஊரைக் குறுக்காக நடக்கவைப்பது, பெண்களிடம் தனியாக உட்கார்ந்து கேட்பது, ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் கேட்டு ஒத்துப்பார்ப்பது எல்லாம் இந்த வழியில் வந்தவை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்தில் நடந்தது நினைவிருக்கலாம். யாரும் கேட்காத பழைய துணி சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்தது. இழப்பு என்றால் படகு, வலை என்று கணக்கெடுத்தார்கள். படகே இல்லாத இருளர்களும், மீனவர்களை நம்பிக் கூலி வேலை செய்த தலித்துகளும் பல பட்டியல்களில் விட்டுப்போனார்கள். நெசவாளியின் கதைதான், கடற்கரைக்கு வந்துவிட்டது.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் ஒரே மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வழிந்தது. பயிற்சி முடித்த பிள்ளைகள் நாலு பேரோடு மறுநாள் அந்தப் பக்கம் போனேன். தெருமுனையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சாப்பாடு வேணும் என்றார்கள். பொட்டலம் கொடுக்கும் வண்டி அங்கேதான் நின்றது, அதனால் பேச்சும் அதுவாகவே இருந்தது. ஒரு பெண் மட்டும் எங்கள் கூட்டத்தில் இருந்த பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "சோறு எப்படியும் வந்துரும் கண்ணு. கக்கூஸ்ல தண்ணி நிக்குது. ராத்திரி வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கோம், அதை யார்ட்ட சொல்றது?" என்றார். படிவத்தில் கழிப்பறைக்குக் கட்டம் உண்டு. அதுவரை பேசிய ஆண்கள் ஒருத்தரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது எங்கள் படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது. இந்த இடத்துக்கு யார் வரவில்லை, ஏன்? நிரப்பாமல் வந்தால் மறுபடி போகச் சொல்வேன். பிள்ளைகள் முனகுவார்கள். "வராதவங்களை எப்படி சார் பார்க்குறது?" வந்திருக்கிறவர்களிடம் கேள் என்பேன். அந்தத் தெருவில் மூன்றாவது வீட்டுக் கிழவி வரவில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரிக்கு எப்போதும் தெரியும்.