ஒல்லாந்தர் எழுத்தும் தமிழர் செவியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை என்று ஒரு மாளிகை உண்டு. அதனைக் கட்டியவர் டச்சுக்காரராகிய ஒல்லாந்தர் அல்லர். 1555ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததை ஒல்லாந்தர் பின்னாளில் பழுது பார்த்தனர். பெயர் மட்டும் அவர்களுடையதாய் நிலைத்துவிட்டது. நான் குடியிருக்கும் இடப்பள்ளியும் பெயரால் அல்லலுற்ற ஊரே. போர்த்துகீசியர் அதனை ‘ரெப்பெலிம்’ என்று எழுதி வைத்தனர். அது நம் ஊர்தான் என்று அறியாதவன் பழைய ஏட்டைப் புரட்டினால், தன் வீட்டு வாசலையே அடையாளம் காணாமற் கடந்து போவான்.

ஒல்லாந்தர் 1663ஆம் ஆண்டு சனவரியில் கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றி, 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். இடைப்பட்ட நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர்கள் எழுதிக் குவித்த கடிதங்களும் கணக்குகளும் உடன்படிக்கைகளும் பின்னர்ச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆகவே அம்மொழியின் எழுத்திலக்கணம் நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. நம் கரையின் வரலாற்றுக்கு அது ஒரு திறவுகோல்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் அம்மொழியைக் கற்கத் தொடங்கியபோது, எனக்கு இடையூறாக நின்றது ஆங்கிலப் பழக்கமே. இரண்டு ‘ஓ’ எழுத்துக்கள் அடுத்தடுத்து வந்தால் ஆங்கிலத்தில் ஊகாரம். ஒல்லாந்த மொழியில் ஓகாரம். இரண்டு ‘ஈ’ எழுத்துக்கள் வந்தால் ஆங்கிலத்தில் ஈகாரம்; அங்கே ஏகாரம். அலுவலகத்தைக் குறிக்கும் சொல்லை நான் ‘கண்டூர்’ என்று படித்துப் பொருள் விளங்காமல் திகைத்தேன். ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையில் வாழ்ந்த தமிழர் அச்சொல்லை ஏட்டிற் படித்தவரல்லர், காதாற் கேட்டவர். அவர்கள் அதனைக் ‘கந்தோர்’ என்றே வழங்கினர். அவரை வகைக் காயைப் ‘போஞ்சி’ என்றனர். இரண்டிலும் ஓகாரம் பிழையாது நிற்கிறது!

இன்னொரு சான்று கேளுங்கள். நாம் கூசாமற் சொல்லும் ‘துட்டு’ என்பது ஒல்லாந்தரின் சிறு செப்புக்காசின் பெயர். ‘கக்கூசு’ என்பதும் அம்மொழிச் சொல்லே. அதன் பின்பாதிக்கு வீடு என்று பொருள். இவ்விரண்டு சொற்களிலும் ‘யூ, ஐ’ என்னும் எழுத்துக்கள் சேர்ந்து வருகின்றன. இன்றைய ஒல்லாந்தர் அதனை ‘அவ்’ என்பதற்கும் ‘ஐ’ என்பதற்கும் இடைப்பட்ட ஓர் ஒலியாக உச்சரிப்பர். ஆயினும் அந்நாட்டின் சீலாந்து முதலிய கடலோரப் பகுதிகளின் வழக்கில் உகரத்தை ஒத்த பழைய ஒலியே நிலைத்திருந்தது. நம் சொற்களிலும் உகரமும் ஊகாரமுமே இருப்பதைக் காணும்போது, கப்பலேறி வந்த மாலுமியின் குரலே நம் நாவில் தங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

தமிழருக்கு இம்மொழி அத்துணைக் கடினமன்று. குறில், நெடில் வேற்றுமை நமக்குப் பிறப்போடு வந்தது. அங்கே ‘மன்’ என்றால் மனிதன். ‘மான்’ என்றால் நிலவு. மெய்யெழுத்தில் முடியும் அசையில் நெடிலைக் காட்ட உயிரை இரட்டித்து எழுதுவர். பன்மை விகுதி சேர்ந்து அசை உயிரில் முடியுமானால் ஓர் உயிரே போதும். குறிலுக்கோ, பன்மையில் மெய்யை இரட்டிப்பர். இவ்வொரு விதியை உணர்ந்தால் எழுத்துக்கூட்டலிற் பாதி வசப்படும். சொல்லின் இறுதியில் மெல்லிய ‘ட’ வல்லொலியாக மாறும், எழுத்து மாறாது. ‘பட்டு’, ‘நண்டு’ இரண்டையும் ஒரே டகரத்தால் எழுதும் நமக்கு இது வியப்பாகுமா?

ஆனால் பழஞ்சுவடிகளில் ஒரு சிக்கல் உண்டு. ஒல்லாந்த நாட்டில் அரசு ஏற்ற பொது எழுத்துமுறை, சீகன்பேக் என்னும் அறிஞர் வகுத்தது, 1804இல்தான் வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே கொச்சி கைமாறிவிட்டது. எனவே கொச்சி ஏடுகளை எழுதிய எழுத்தர்களுக்குப் பொதுவானதோர் எழுத்துமுறை இல்லை. ஆகார நெடிலை ஒருவர் ‘ஏ’ எழுத்தை இரட்டித்து எழுதுவார். மற்றொருவர் ‘ஏ, ஈ’ என்று எழுதுவார். கண்ணால் மட்டும் படிப்பவர் தடுமாறுவார். வாய்விட்டுப் படிப்பவரே பொருள் காண்பார்.

நம் சொற்களை எழுதவும் அவர்கள் அரும்பாடு பட்டனர். கொச்சியில் ஒல்லாந்தத் தலைவராயிருந்த வான் ரேட, மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி ‘ஓர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அதற்குத் துணை நின்றனர். பன்னிரண்டு தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அது அச்சாயிற்று. நூலின் மொழி இலத்தீன். ஆயினும் பலாவாகிய சக்கை மரத்தின் முதலெழுத்தாம் சகரத்துக்கு ‘டி, எஸ், ஜே’ என மூன்று எழுத்துக்களை அடுக்கியிருப்பது ஒல்லாந்தர் முறையே. அந்த ஓர் ஒலியை விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. அதனோடு அமையாமல், மலையாளம், அரபு, நாகரி எழுத்துக்களிலும் பெயர்களைப் பொறித்தனர்.

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதன் அருமை புரியும். குடும்ப அட்டையிலும் பள்ளிப் பதிவேட்டிலும் நம் பெயரின் ழகரமும் நெடிலும் சிதைவதைக் கண்டு வருந்தாதவர் நம்மில் யார்? அந்த வருத்தமே நமக்கு ஒரு கடமையையும் கற்பிக்க வேண்டும். நாம் குடியேறிய மண்ணின் ஊர்ப்பெயரையும் அயலார் பெயரையும் அவர்கள் சொல்லக் கேட்டு, அவ்வாறே சொல்லப் பழகுவோம். கந்தோர் என்று சொன்ன முன்னோர் எந்த இலக்கணமும் கற்றவரல்லர். செவி கொடுத்துக் கேட்டவர்.