நாற்காலி தந்தார் ரிப்பன்!

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்ற வழக்கைத் தீர்க்க, இருவரும் ஓருடலாகிக் காட்சி தந்தனர் என்பது தலபுராணம். அதைக் காண ஊரே திரளுகிறது. கடவுளர் ஒன்றாயினர், சரி! மனிதர் ஒன்றாயினரா? சென்னை மாகாணத்துக் கோயிற் கதவுகள் ஒடுக்கப்பட்டோருக்குத் திறக்க 1947ஆம் ஆண்டுச் சட்டமன்றோ தேவைப்பட்டது! புராணம் செய்யாததைச் சட்டம் செய்தது. சட்டம் பிறக்க மன்றம் வேண்டும். மன்றத்திலே மக்கள் அமர வேண்டும். ஊர் மன்றங்களில் மக்கள் அமர வழிகோலிய ஒரு வெள்ளையரின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அவர் ரிப்பன் பிரபு. 1827இல் பிறந்தார், பிறந்த வீடே இலண்டனில் பிரதமர் குடியிருக்கும் மாளிகை! தந்தையார் அப்போது பிரிட்டிஷ் பிரதமர். செல்வமும் பட்டமும் தொட்டிலிலேயே கிடைத்தன. எனினும் இளமையிலேயே உழைப்பாளர் பக்கம் உள்ளம் சாய்ந்தது. போர் அமைச்சராயிருந்தார். 1871இல் அமெரிக்காவுடன் மூண்டிருந்த பூசலைப் போரின்றித் தீர்த்த வாஷிங்டன் உடன்படிக்கையில் பிரிட்டிஷ் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1874இல் கத்தோலிக்க நெறியைத் தழுவினார். இங்கிலாந்திலே அரசியல் எதிர்காலத்தைப் பணயம் வைக்கும் செயல் அது. அவர் மதம் நமக்கு உடன்பாடன்று; மனச்சான்றுக்காக இழப்பை ஏற்கத் துணிந்த நெஞ்சுரத்தைப் போற்றுகிறோம்.

1880இல் கிளாட்ஸ்டன் அவரை இந்தியாவின் வைசிராயாக அனுப்பினார். முன்னவர் லிட்டன் விட்டுச் சென்றவை யாவை? ஆப்கன் போர், 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சத்தின் தழும்பு, தாய்மொழி ஏடுகளின் வாய்க்குப் பூட்டிட்ட 1878ஆம் ஆண்டுச் சட்டம். ரிப்பன் ஆப்கன் மண்ணிலிருந்து படையைத் திருப்பினார். 1881இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது: ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆலைக் கதவு அடைபட்டது, பன்னிரண்டு வரையிலான சிறுவர்க்கு வேலை ஒன்பது மணி நேரத்தோடு நின்றது. 1882இல் பத்திரிகைப் பூட்டு உடைந்தது.

அதே 1882இல் கல்விக்கென ஹண்டர் குழுவை அமைத்தார். அதன்முன் மராட்டியத்துப் பெரியார் ஜோதிராவ் புலே சாட்சியம் அளித்தார். உழுகின்றவன் வரி கொடுக்கிறான், உயர் சாதியான் மகன் கல்லூரியில் படிக்கிறான். இது முறையா என்பது அவர் வாதத்தின் சாரம். பன்னிரண்டு வயது வரையேனும் கல்வியைக் கட்டாயமாக்குக என்றார். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால், கேட்பதற்கு ஒரு மேடை கிடைத்தது!

ரிப்பனின் தலையாய பணி, 1882 மே 18ஆம் நாள் வெளியான தலத்தன்னாட்சித் தீர்மானம். ஊர் மன்றங்களில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மிகக்கூடாது. இயன்ற இடங்களில் தலைவரும் அதிகாரியல்லாதவராய் இருத்தல் வேண்டும் என்றது அது. நிர்வாகம் சிறக்குமோ என்று ஐயுற்றோர்க்கு அவர் தந்த விடை, இது மக்களுக்கான அரசியற் கல்வி என்பதே. 1884இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிச் சட்டமும் தல போர்டுச் சட்டமும் பிறந்தன. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என மூன்று படிகள் அமைந்தன.

இந்திய நீதிபதி வெள்ளையரையும் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதாவை 1883இல் கொண்டு வந்தபோது, நிறவெறி சீறி எழுந்தது. சொந்த இனத்தாரே அவரைத் தூற்றினர். 1884இல் அவர் சமரசத்துக்கு இறங்கினார். பாதி வெள்ளையரேனும் கொண்ட ஜூரியைக் கேட்கும் உரிமையை வெள்ளையர்க்குத் தந்தார். அது குறை, மறைக்க மாட்டோம். வேறு குறையும் உண்டு. சொத்துடையோர்க்கே வாக்கு, பெண்ணுக்கும் பாட்டாளிக்கும் இல்லை. ஆண்டுகள் பல, ஜில்லா போர்டின் தலைமையில் கலெக்டரே வீற்றிருந்தார்.

ஆயினும் நாற்காலி வந்துவிட்டது! அதில் ஆள் மாறினால் என்ன நிகழும் என்பதை நம் இயக்கம் காட்டியது. ஈரோட்டு நகராட்சித் தலைவராகவே தந்தை பெரியார் பொதுப்பணியின் முதற் பாடங்களைக் கற்றார். சங்கரன்கோவிலுக்கு வடக்கே, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் ஜில்லா போர்டுத் தலைவரானார். ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் கிடையாது என்று ஆணையிட்டார். அன்று எழுதிய தீர்மானம், கரிசல் மண்ணிலே ஏழையின் கால்வலி தீர்க்கும் கருவியாயிற்று. ரிப்பன் நினைத்தும் பாராத பயன் அது!

கதை முடிந்ததா? இல்லை. 73ஆம் திருத்தத்தையொட்டி, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டம் ஒடுக்கப்பட்டோர்க்குத் தலைவர் பதவியை ஒதுக்கியது. 1997இல் மேலவளவில், அப்படித் தலைவரான தோழர் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996 முதல் 2006 வரை அந்த நாற்காலியில் எவரும் நிலைத்து அமர முடியவில்லை. 2016இல் பெண்களுக்குப் பாதி இடம் சட்டமாயிற்று. ஆனால் மனைவியின் நாற்காலியில் கணவர் அமரும் ஊர்கள் எத்தனை!

ரிப்பன் 1909இல் மறைந்தார். சென்னை மாநகராட்சி மாளிகை அவர் பெயரைத் தாங்கி 1913 முதல் நிற்கிறது. வெள்ளைக் கட்டடத்தை வியந்து நிற்பது நன்றியாகாது. இளைஞர்களே! உங்கள் ஊராட்சிக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். தலைவரின் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார், பின்னின்று ஆட்டுபவர் யார் என்று பாருங்கள், கேளுங்கள். நாற்காலியைத் தந்தது அவர் காலம். அதில் உரியவரை அமர்த்துவது நம் கடமை.